மாமாவை ட்ரையலில் சேர்க்கலாமா?

மாட்டுங்கா மருமகன்:
மாமாவுக்கு வாய்ப்புற்று, நான்காம் கட்டம். தாராவி தோல் பட்டறையில் நாற்பது வருஷம், வாயில் எப்போதும் புகையிலை. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி ஊசிகளை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மேல் ஏவிவிடும் மருந்து) சேர்த்துக் கொடுக்கும் ட்ரையலில், அதாவது மருந்துச் சோதனையில், சேரச் சொல்கிறார்கள். படிவம் 18 பக்கம், ஆங்கிலமும் இந்தியும். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். கட்டைவிரலால் புரட்டிவிட்டு, "எங்கேப்பா கையெழுத்து?" என்கிறார்.

செம்பூர் சேகர்:
யோசிக்காமல் சேருங்கள் தம்பி. மருந்து இலவசம், வெளியில் வாங்கினால் வீடு போய்விடும். மெலனோமா என்ற தோல் புற்றில் இதே ஜோடி கொடுத்தவர்களில் 52 சதவீதம் பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். இபிலிமுமாப் மட்டும் என்றால் 26தான்.

சயான் அக்கா:
சேகர், நிவோலுமாப் மட்டும் போட்டவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? அது 44. கூடுதலாகக் கிடைத்த எட்டுக்கு, கடுமையான பக்கவிளைவு 23இலிருந்து 59 சதவீதமானது. அதுவும் மெலனோமாவில். வாய்ப்புற்றும் சேர்ந்த தலை, கழுத்துப் புற்றில் இந்த ஜோடியைக் கீமோவோடு ஒப்பிட்ட பெரிய ட்ரையல் இலக்கைத் தொடவே இல்லை.

என் அண்ணனுக்கு இம்யூனோதெரபியில் ராத்திரி பத்து தடவை வயிற்றுப்போக்கு. அவசரப் பிரிவில் எலெக்ட்ரால் கொடுத்து அனுப்பினார்கள். குடல் அழற்சி என்று கண்டுபிடித்து ஸ்டீராய்டு ஏற்ற மூன்று நாள் ஆனது.

செம்பூர் சேகர்:
வருத்தம்தான் அக்கா. ஆனால் நம்ம பரேல் டாடா மருத்துவமனை செய்ததைப் பாருங்கள். தலை, கழுத்துப் புற்று வந்த 151 பேர். நிவோலுமாப் வெறும் 20 மில்லிகிராம், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை; கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். ஒரு வருஷம் தாண்டியவர்கள், மாத்திரை மட்டும் என்றால் 16.3 சதவீதம், நிவோலுமாப் ஊசியும் சேர்ந்தால் 43.4. யாரோ கையெழுத்துப் போட்டதால்தானே இது தெரிந்தது?

சயான் அக்கா:
அதை மறுக்கவில்லை. ஆனால் அது சோதித்து முடிந்த கூட்டு. ட்ரையலில் சேராமலே அது மாமாவுக்குப் பொருந்துமா என்று முதலில் டாக்டரிடம் கேட்கலாமே. அப்புறம் தம்பி, மருந்துச் சோதனைக்கான 2019 விதிகள்படி நோயாளிக்குப் புரியும் மொழியில்தான் சம்மதம் வாங்க வேண்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

செம்பூர் சேகர்:
படிவத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால் நோய் காத்திருக்காது. அதையும் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மருமகன்:
கேட்டேன். "பார்க்கிறோம்" என்றார்கள். வியாழக்கிழமை ஓபிடி. 20 மில்லிகிராம் விஷயத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி வயிற்றுப்போக்கு வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்பதும் அதே சீட்டில், முதல் வரியாக.