ஃபேக்டரி ரீஸ்டோர் 62 சதவீதத்தில் நின்றுபோகிறது, நான்காவது முறை முயலலாமா?

கொழுந்து:
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி, அரவேணு பக்கம் எங்கள் வீடு. லேப்டாப் 2017-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 அதிலேயே வந்தது. ஒரு வருடமாக ஆன் ஆகவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. போன வாரம் நீலத் திரை வந்து, தானாக அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. சரி, வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடலாம் என்று ரெக்கவரி கீயை அழுத்தி ஃபேக்டரி ரீஸ்டோர் கொடுத்தேன். ‘சி டிரைவ் மட்டும்’ என்று ஒரு வழி காட்டியது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

62 சதவீதம் வரை ஒழுங்காக ஓடியது. அப்புறம் நகரவில்லை. மவுஸ் அம்புகூட அசையவில்லை. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுநாள் போட்டேன், மறுபடி 62. மூன்றாவது முறை இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் அதே 62.

பஜாரில் ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. மழை ஈரமும் குளிரும்தான் காரணம் என்கிறார் அம்மா.

என் கவலை அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியான டி டிரைவைப் பற்றி. நான் மூத்த மகள், அப்பாவின் இலைக் கணக்கை 2018 முதல் நான்தான் எழுதுகிறேன். எந்த நாளில் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை கொடுத்தோம், எந்த ஃபேக்டரிக்கு, தண்ணீருக்கென்று எவ்வளவு கழித்தார்கள், மாதக் கடைசியில் என்ன விலை போட்டார்கள், எல்லாம் எக்ஸெலில். வேறெங்கும் காப்பி இல்லை. நான்காவது முறை முயலலாமா? இந்த முறை ‘முழு டிஸ்க்’ என்று கொடுத்தால் முடியுமா?

ஸ்க்ரூடிரைவர்:
தங்கச்சி, நான்காவது முறை வேண்டாம். ‘முழு டிஸ்க்’ பக்கம் கையே போகக் கூடாது. அதைக் கொடுத்தால் டி டிரைவும் சேர்ந்து அழிந்துவிடும். குன்னூரில் 14 வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன், உங்கள் நிலைமையில் பலர் வந்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் நான்கு, ஐந்து முறை முயன்ற பிறகு வந்தவர்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். நிற்பது ஒவ்வொரு முறையும் சரியாக 62-இல்தானா? நின்றபோது டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு எரிந்ததா, விடாமல் எரிந்ததா? ஏதாவது சத்தம் கேட்டதா? அப்புறம், சார்ஜர் மாட்டித்தானே ஓட்டினீர்கள்? பென் டிரைவ், மெமரி கார்டு, நெட் டாங்கிள் எதுவும் செருகியிருக்கக் கூடாது. சில லேப்டாப்களில் அது ஒன்றே ரீஸ்டோரை நிறுத்திவிடும்.

கொழுந்து:
மூன்று முறையும் 62-தான் அண்ணா. சார்ஜர் மாட்டியிருந்தேன், வேறெதுவும் செருகவில்லை. விளக்கு விடாமல் எரிந்தது. சத்தம் பற்றிக் கேட்டீர்களே, அது இருந்தது. அன்று இரவு மழை விட்டிருந்தது, வீடே அமைதி. கீபோர்டுக்குக் கீழே இடது கை வைக்கும் இடத்தில் காதை வைத்துப் பார்த்தேன். டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக் டக், பிறகு சர்ரென்று ஏதோ சுற்றி ஓய்வது போல. சுவர்க் கடிகாரம் தாளம் தப்பி ஓடினால் எப்படி இருக்கும், அப்படி.

ஸ்க்ரூடிரைவர்:
போதும், இது ஹார்ட் டிஸ்க். மதர்போர்டு நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன், அதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். ரீஸ்டோருக்கு வேண்டிய விண்டோஸ் நகல் வேறெங்கோ இல்லை, அதே ஹார்ட் டிஸ்க்கில் மறைத்து வைத்த ஒரு பகுதியில் இருக்கிறது. ரீஸ்டோர் என்பது அங்கிருந்து படித்து சி டிரைவில் எழுதுவது. படிக்கும் இடத்திலோ எழுதும் இடத்திலோ ஒரு செக்டர் (தகவல் பதியும் சிறு கட்டம்) கெட்டிருந்தால் டிஸ்க் உடனே ‘முடியவில்லை’ என்று சொல்லாது. திரும்பத் திரும்ப முயலும். நீங்கள் கேட்ட டக் டக் அதுதான். அதுவரை மேலே ஓடும் புரோகிராம் காத்துக்கொண்டே இருக்கும், திரையும் உறைந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில்தான் எழுதுவதால் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

ரேம் கெட்டிருந்தாலோ ஃபேன் தூசி அடைத்துச் சூடானாலோ இப்படி நிற்காது. ஒரு நாள் 20-இல் நிற்கும், ஒரு நாள் 48-இல், ஒரு நாள் முடிந்தேபோகும். அந்த மாதிரி என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்குத் தேவையில்லை.

இப்போதைக்கு ஆன் செய்யாதீர்கள். இந்த டிஸ்க்கில் இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டம் மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தை அப்பாவின் கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

கூடலூர் மழை:
விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சோதனைக் கருவி செக்டிஸ்க்கை ஓட்டி கெட்ட செக்டர்களைச் சரிசெய்துவிட்டு ரீஸ்டோர் போடலாமே? எனக்கு ஒருமுறை அப்படிச் சரியானது. ஈரத்தையும் தள்ளிவிட முடியாது. எங்கள் ஊரில் ஆடி மாதம் அலமாரியில் வைத்த பெல்ட்டே பூஞ்சை பிடிக்கும். உயரத்தாலும் டிஸ்க்குக்குக் கஷ்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர்:
செக்டிஸ்க் நல்ல கருவிதான், ஆனால் இப்போது வேண்டாம். கெட்ட செக்டரைத் தேடச் சொன்னால் டிரைவ் முழுவதையும் படிக்கும், மணிக்கணக்கில். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த வேலை கொடுப்பது ஆபத்து. ‘சரிசெய்கிறேன்’ என்று எழுதவும் செய்யும். முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு.

உயரம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. டிஸ்க்கின் ஹெட், அதாவது படித்து எழுதும் முனை, சுற்றும் தட்டைத் தொடாமல் காற்றில்தான் மிதக்கிறது, காற்று மெலிந்தால் சிக்கல்தான். ஆனால் சாதாரண டிஸ்க்குகளுக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 3,048 மீட்டர். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கோத்தகிரி அதற்கு எவ்வளவோ கீழே.

ஈரம் வேறு விஷயம். குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்து உடனே ஆன் செய்தால், கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல் உள்ளே நீர் கோர்க்கும். ஒரு மணி நேரம் விட்டுப் போடுவது நல்லது. இருந்தாலும் ஈரம் மூன்று முறையும் 62-ஐப் பார்த்து நிறுத்தாது. யாராவது இதைப் பையில் போட்டு மலை இறங்கி ஏறினார்களா?

கொழுந்து:
ஆமாம் அண்ணா. தம்பி கோவையில் படித்தான், இரண்டு வருடம் வாராவாரம் மேட்டுப்பாளையம் வழி பஸ்ஸில் கொண்டுபோய் வந்தான். ஷட்டவுன் செய்ய மாட்டான், மூடி அப்படியே பையில் போடுவான்.

ஸ்க்ரூடிரைவர்:
அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். மூடியதும் டிஸ்க் அந்த நொடியே நின்றுவிடாது, பைக்குள் விண்டோஸ் விழித்துக்கொள்வதும் உண்டு. சுற்றிக்கொண்டிருக்கும்போது வளைவுகளில் பை மேல்தட்டிலிருந்து சரிந்து இடித்தால் ஹெட் தட்டில் உரசிவிடும். தம்பியைத் திட்ட வேண்டாம், எட்டு வருடம் ஓடிய டிஸ்க் எப்படியும் ஓய்ந்திருக்கும்.

லவ்டேல் டீச்சர்:
காப்பி எடுக்கும் வழியை நான் சொல்கிறேன் மா, எங்கள் பள்ளி லேபில் அடிக்கடி செய்வது. தெரிந்தவர் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) இறக்கி, ரூஃபஸ் என்ற புரோகிராம் வைத்து 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். உங்கள் லேப்டாப்பை ஆன் செய்யும்போது எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான கீயை அழுத்தி அந்தப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் எழுந்துவிடும். டெஸ்க்டாப்பில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொட வேண்டாம். ஃபைல் மேனேஜரில் டி டிரைவைத் திறந்து, இன்னொரு பென் டிரைவுக்கு இலைக் கணக்கை முதலில் எடுங்கள். மொத்தமாக இழுத்துப் போடாமல் ஒவ்வொரு ஃபைலாக எடுத்தால், ஒன்று மாட்டினாலும் மற்றவை தப்பும். படங்கள் அடுத்து, சினிமா பாட்டெல்லாம் கடைசியில்.

முடிந்ததும் மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற புரோகிராமைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள், டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைத்திருப்பது அது.

கொழுந்து:
இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டு அக்காவின் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் தயார்செய்தேன். மின்ட் முதல் முறையே எழுந்துவிட்டது, டி டிரைவும் திறந்தது! வருடத்துக்கு ஒரு ஃபைல். 2018, 2019, 2020 ஒவ்வொன்றும் ஒரு நொடி. 2021-இல் அதே டக் டக். கேன்சல் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். மீதி எல்லாம் வந்துவிட்டன. படங்கள் 11 ஜிபி, ஐந்து மணி நேரம் ஆனது. அம்மா இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தார், இரண்டும் ஆறிப்போனது.

ஸ்மார்ட்டில் ரீஅலோகேட்டட் 1,408 என்றும் பெண்டிங் 296 என்றும் இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

ஸ்க்ரூடிரைவர்:
ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. ரீஅலோகேட்டட் என்றால், கெட்டது என்று ஒதுக்கி மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். பெண்டிங் என்றால், படிக்க முடியாமல் திணறி இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருப்பவை. நல்ல டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இனி இதில் எதுவும் சேமிக்க வேண்டாம்.

2021-க்கு டிடி-ரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது, மின்ட்டிலேயே நிறுவலாம். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். ஒரே ஒரு ஃபைலுக்கும் ஓட்டலாம். எக்ஸெல் ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம், நடுவில் ஓட்டை விழுந்தால் எக்ஸெல் திறக்க மறுக்கும். லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் ‘சரிசெய்யவா’ என்று கேட்கும், ஆம் கொடுங்கள்.

புது டிஸ்க்குக்கு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டே இல்லாத வகை) வாங்குங்கள், 256 ஜிபி போதும். மூன்று வருட வாரண்டி உள்ளதாகப் பாருங்கள், பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம். பின்மூடியைக் கழற்றும்முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து அதன்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், நீளம் மாறினால் கீபோர்டு பக்கம் குத்திவிடும்.

பழைய ரீஸ்டோர் நகலை இதற்குக் கொண்டுவர முயல வேண்டாம். பெரும்பாலும் சிறிய டிஸ்க்கை ஏற்காது. விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டால் லைசென்ஸ் கீ கேட்காது, உங்கள் லேப்டாப்பில் அது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஆனால் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும், 2017 லேப்டாப்பில் அநேகமாக இருக்காது.

லவ்டேல் டீச்சர்:
அதனால்தான் சொல்கிறேன், மின்ட்டையே போட்டுவிடுங்கள். 4 ஜிபி ரேமுக்கு ஏற்றது, கணக்கெழுத லிப்ரே ஆஃபீஸ் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொழுந்து:
தம்பியே எஸ்.எஸ்.டி. வாங்கிவந்து மாட்டினான். மின்ட் போட்டோம். ஆன் செய்தால் அரை நிமிடத்தில் வந்து நிற்கிறது, அம்மா இன்னும் நம்பவில்லை. ஸ்க்ரூடிரைவர் அண்ணாவுக்கும் டீச்சருக்கும் மனமார்ந்த நன்றி. கூடலூர் அண்ணாவுக்கும்தான், நீங்கள் கேட்டதால்தான் ஈரம் பற்றித் தெரிந்துகொண்டேன்.

2021 ஃபைல் திறந்தது, ஆனால் ஜூலை, ஆகஸ்ட் தாள்கள் காலி. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். சொன்னதும் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். எடைச் சீட்டுகள், ரப்பர் போட்டு மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தார். சிலவற்றில் மை மங்கி, கிலோ மட்டும் தெரிகிறது. அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்கிறேன். ஜூலை முடிந்துவிட்டது. எழுதியதில் ஒரு காப்பி பென் டிரைவில், இன்னொன்று ஊட்டியில் அத்தை வீட்டில்.