வேட்டைச் சாமான் எந்தக் கடையில வாங்குறது? ஆளுக்கொரு கடையைப் புறக்கணிக்கச் சொல்றாங்க

புதுவரவு:
வணக்கம். கொஞ்சம் அவசரம், சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும். டீம்ல நாலு பேர் மான் வேட்டைக்குப் போறாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. நேத்து ஒரு பெரிய கடைக்குப் போய் பூட்ஸ், ஆரஞ்சு ஜாக்கெட், ரெண்டு டப்பா தோட்டா, ஒரு ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 380 டாலருக்கு வாங்கிட்டேன். இன்னைக்கு ஒருத்தர் பையைப் பார்த்துட்டு, "அந்தக் கடைக்கு நாங்க ஒரு காசு கொடுக்கறதில்ல, 2018ல செஞ்சதை மறக்கல"ங்கறார். இன்னொருத்தர் ஐஸ் பெட்டி கம்பெனியும் ஆகாதுன்னார். மூணாவது ஆள் அதே கடையிலதான் எல்லாம் வாங்குவாராம். வேட்டைக்குப் போற நிலத்தோட குத்தகை முதல் ஆள் பேர்ல இருக்கு, அவரைப் பகைச்சுக்க முடியாது. எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடவா? யாரும் குறை சொல்லாத கடை எது?

பாலாறு:
தம்பி, எந்தக் கடைன்னு சொல்லலையே. 2018ன்னா பெரும்பாலும் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்ங்கற விளையாட்டுச் சாமான் கடை, இல்லன்னா வால்மார்ட். அந்த வருஷம் பிப்ரவரி 14ல ஃபுளோரிடா பார்க்லேண்ட் பள்ளியில 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. 28-ந் தேதி டிக்ஸ் தன்னோட ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் கடைகள்ல ராணுவத் துப்பாக்கி மாதிரி இருக்கற ஏஆர்-15 வகையை விக்கறதை நிறுத்துச்சு, 21 வயசுக்குக் கீழ யாருக்கும் எந்தத் துப்பாக்கியும் இல்லன்னுச்சு. அதே நாள் வால்மார்ட்டும் வயசை 21 ஆக்குச்சு. வேட்டைக்காரங்களுக்கு அதைவிடக் கோபம் அடுத்து நடந்ததுல. மிச்சமிருந்த சரக்கை டிக்ஸ் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பாம நொறுக்குச்சு, வாஷிங்டன்ல சட்டத்தைக் கடுமையாக்க ஆள் அமர்த்துச்சு. மே மாசம் மாஸ்பெர்க், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரிங்கற ரெண்டு துப்பாக்கிக் கம்பெனியும் சப்ளையை வெட்டுனாங்க. இந்த முடிவால விற்பனை 25 கோடி டாலர் போச்சுன்னு அதோட தலைவர் எட் ஸ்டாக்கே பின்னாடி சொன்னார். உங்க குத்தகைக்காரர் மறக்கலன்னா அது நியாயமான மறக்காமை. திருப்பிக் கொடுங்க.

கடற்கரைக்காரி:
பாலாறு அண்ணா, அந்த விதியால மான் வேட்டைக்காரருக்கு என்ன போச்சு? மான் வேட்டைக்கான .243, .308 போல்ட் ரைபிளை அந்த விதி நிறுத்தல. 2019 ஆகஸ்ட்ல எல் பாசோ கடையிலயே கொலை நடந்த பிறகு வால்மார்ட் நிறுத்தினது கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஏஆர்-15 வகைக்குப் போடற .223, 5.56 தோட்டாவும்தான். ஷாட்கன் தோட்டா, மான் தோட்டா விக்கறதை நிறுத்தல. சொந்தமா கொள்கை இருந்தா புறக்கணிக்கலாம். கூட வேலை செய்யறவருக்குப் பயந்து செய்யறது கொள்கை இல்ல. வச்சுக்கோங்க தம்பி.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, நீங்கள் எந்த நாட்டில இருக்கிறீங்கள் எண்டு சொல்லேல்ல. கனடா எண்டால் கதை வேற. இஞ்ச 2018 மார்ச்சில எம்இசி எண்ட மலையேற்ற, முகாம் சாமான் கடை விஸ்டா அவுட்டோர் கம்பெனியின்ர சாமானை நிப்பாட்டினது, அந்தக் கம்பெனிக்குத் துவக்குத் தொழிலும் இருந்தபடியால். வேட்டைக்காரர் அந்தக் கடையை விட்டிட்டினம். அதைவிட முக்கியம், நீளத் துவக்குக்கு முதல் பாதுகாப்பு வகுப்பு, பிறகு பிஏஎல் எண்ட துவக்கு வைச்சிருக்கிற அனுமதி. முதன்முறை விண்ணப்பிச்சால் குறைஞ்சது 28 நாள் காத்திருக்க வேணும். சனிக்கிழமைக்கு ஒண்டும் நடவாது.

சேமிப்பு சேகர்:
நான் கேக்கறது வேற. வந்து எத்தனை மாசம் ஆச்சு? முதல் ஆறு மாசத்துல 380 டாலரை ஐஸ் பெட்டியிலயும் பூட்ஸ்லயும் போடறது தப்பு. வீட்டு முன்பணம், கிரெடிட் வரலாறு இல்லாததால கூடுதலா வர்ற கார் இன்சூரன்ஸ், முதல் சம்பளம் வர்ற வரைக்கும் செலவு, இதுக்கெல்லாம் கையில காசு வேணும். பூட்ஸ், கூட வேலை செய்யறவங்ககிட்ட கேட்டா இரவலாக் கிடைக்கும். ஆரஞ்சு மேலாடை 15 டாலருக்குக் கிடைக்கும். திருப்பிக் கொடுங்க, கடை எதுவா இருந்தாலும் சரி.

கரிசல்:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க: எந்த மாநிலம், எந்த விசா, துப்பாக்கி யாரோடது? கடை அப்புறம்.

புதுவரவு:
மன்னிக்கணும். டெக்சஸ், எச்-1பி, ஜூன் கடைசியில வந்தேன். துப்பாக்கி டீம் லீட் தர்றார். உரிமம் இன்னும் எடுக்கல, 25 டாலர்தான், போற வழியில எடுத்துக்கலாம்னார்.

கரிசல்:
தம்பி, உரிமம் கைக்கு வர்ற வரைக்கும் அந்தத் துப்பாக்கியைத் தொடாதீங்க, ஷூட்டிங் ரேஞ்சுலயும் தொடாதீங்க. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சொந்தமா வாங்கினாத்தான்னு இல்ல, இரவல் வாங்கிக் கையில பிடிச்சாலும் அதே. உங்க வீட்ல இருக்கற அந்த ரெண்டு டப்பா தோட்டாவும் அதுல அடங்கும். தண்டனை 15 வருஷம் வரைக்கும், தெரிஞ்சே கொடுத்தவருக்கும் அதே. துப்பாக்கி வழக்குல தண்டனை ஆனா நாடு கடத்தறதுக்கும் அது தனிக் காரணம்.

விலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒண்ணு கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தா வச்சிருக்கலாம். அதனால உரிமம் உங்களுக்கு மானுக்கான சீட்டு மட்டும் இல்ல, துப்பாக்கியைத் தொடறதுக்கான அனுமதியே அதுதான். டெக்சஸ் வருஷ உரிமம் எந்த மாசத்துல வாங்கினாலும் ஆகஸ்ட் 31ல முடியும். செப்டம்பர் 1ல புதுசு இல்லாம வீட்ல துப்பாக்கி இருந்தா அன்னைக்கே குற்றம். கிரீன் கார்டு வந்துட்டா இந்தக் கவலை இல்ல.

மேட்டூரான்:
ரொம்ப பயமுறுத்தறீங்க. தனியார் நிலம், பக்கத்துல துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் நிக்கறார். மான் வேண்டாம், காட்டுப்பன்னி சுடட்டும். 2019ல இருந்து டெக்சஸ்ல நில உரிமையாளர் அனுமதி இருந்தா பன்னிக்கு உரிமமே தேவையில்லையே.

கரிசல்:
விசாவுல இருக்கறவங்க விழற குழியே அதுதான். உரிமம் வேண்டாம்ங்கறது மாநிலத்தோட வேட்டை விதி. துப்பாக்கித் தடை கூட்டாட்சிச் சட்டம். பன்னிக்கு உரிமம் தேவையில்லைன்னு எடுக்காமப் போனா அந்த விலக்கே கையில இருக்காது. தனியார் நிலம்ங்கறதும் இதுல உதவாது.

கடற்கரைக்காரி:
25 டாலர் கணக்கும் தப்பு. அது டெக்சஸ்ல தொடர்ந்து ஆறு மாசம் வசிச்சவங்களுக்கு. ஜூன் கடைசியில வந்தவர் வெளி மாநிலக் கணக்குல வருவார், அந்தப் பொது உரிமம் 315 டாலர். குடியிருப்பவர்னு டிக் பண்ணி 25க்கு எடுத்தா அது பொய்த் தகவல். முறையா வாங்காத உரிமம் விலக்கைத் தராது.

1971 செப்டம்பர் 2லயோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றும் வேணும். 17 வயசு ஆனவங்க முழுசா ஆன்லைன்லயே முடிக்கலாம். நேரமில்லன்னா 10 டாலருக்கு ஒரே ஒரு தடவை தள்ளிவைக்கலாம், ஆனா சான்று உள்ள ஒருத்தர் குரல் எட்டுற தூரத்துலயே கூட இருக்கணும்.

பாலாறு:
உரிமம் சரி. ஆனா தம்பி கேட்டது கடை. இந்த ஊர்ல வேட்டைக்காரங்க கடையைத் தள்ளி வைக்கறது விளையாட்டு இல்ல. 2000 மார்ச்ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ங்கற துப்பாக்கிக் கம்பெனி கிளிண்டன் அரசோட துப்பாக்கிப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுச்சு. வாங்கறவங்க ஒதுங்கிட்டாங்க. 1987ல 11 கோடி டாலருக்கு மேல கொடுத்து அதை வாங்கின பிரிட்டிஷ் டாம்கின்ஸ் கம்பெனி 2001ல ஒண்ணரைக் கோடிக்கு வித்துட்டு வெளியேறுச்சு. இதைப் பார்த்தவங்க இந்தக் குத்தகைக்காரரோட பிடிவாதத்தை லேசா எடுக்க மாட்டாங்க.

கடற்கரைக்காரி:
அது ஒரு கம்பெனி ஒரே பொருளை வித்த காலம். இப்ப லேபிளுக்குப் பின்னாடி யார்னு பாருங்க. ஃபெடரல், ரெமிங்டன் தோட்டா, சிசிஐ மூணும் ஒரே கம்பெனி, 2024 நவம்பர்ல செக் நாட்டு சிஎஸ்ஜி கைக்குப் போயிடுச்சு. ஃபெடரலை ஒதுக்கிட்டு ரெமிங்டன் டப்பா வாங்கறவர் அதே கல்லாவுலதான் காசு போடறார். கபேலாஸ்ங்கற வேட்டைச் சாமான் கடை பிடிக்கலன்னு பாஸ் புரோ கடைக்குப் போறாங்க. 2017ல அதை வாங்கினதே பாஸ் புரோதான், நெப்ராஸ்காவுல சிட்னிங்கற சின்ன ஊர் தலைமை அலுவலக வேலைகளை இழந்ததும் அப்பதான். அந்த ஊருக்காகப் புறக்கணிச்சாலாவது அர்த்தம் இருக்கு.

மேட்டூரான்:
ஐஸ் பெட்டியை விட்டுட்டீங்களே. ஆகாதுன்னு சொன்னது யெட்டியாத்தான் இருக்கும். 2018 ஏப்ரல்ல அது என்ஆர்ஏங்கற துப்பாக்கி உரிமைச் சங்கத்தை ஒதுக்கிடுச்சுன்னு செய்தி பரவி, பெட்டியை வெடி வச்சு உடைச்சு வீடியோ போட்டாங்க. கம்பெனி, பழைய தள்ளுபடித் திட்டம் ஒண்ணை முடிச்சோம், அவ்வளவுதான்னு விளக்கம் கொடுத்துச்சு. இந்த ஊர்ல புதுசா வர்றவனுக்குக் காபி எங்க குடிக்கறதுன்னுகூடக் கட்சி கேட்டுத்தான் முடிவு பண்ணணும் போல. வேலையைப் பார்க்கறதா, இவங்க சண்டையைப் படிக்கறதா?

சேமிப்பு சேகர்:
விலையையும் பாருங்க. 20 தோட்டா ஒரு டப்பா 40 டாலர் ஆகுது. புதுசா வர்றவங்களை முதல் மாசமே இதுல இழுத்து விடறதை ஆபீஸ்காரங்க நிறுத்தணும். வரமாட்டேன்னு சொல்லவும் முடியாம நம்ம பசங்க தவிக்கறாங்க.

நெல்லை அக்கா:
தம்பி சனிக்கிழமைக்குள்ள கேட்டார், பொலம்பலை நிறுத்திட்டு அதைப் பார்ப்போம்.

முதல்ல காசு எங்க போகுது. 1937ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கி, தோட்டா, வில்லுக்கு 11 சதவீதம் வரி. அதைத் தயாரிப்பாளரோ இறக்குமதி செய்யறவரோ கட்டிடுவாங்க, அதனால எந்தக் கடையில வாங்கினாலும் அது விலைக்குள்ளயே இருக்கு. அந்தப் பணம் மாநிலங்களுக்குக் காட்டு விலங்கு, வாழிடப் பராமரிப்புக்காகப் போகுது. பாதி மாநிலத்தோட பரப்பளவைப் பொறுத்தது, பாதி உரிமம் வாங்கினவங்க எண்ணிக்கையைப் பொறுத்தது. பூட்ஸ், ஜாக்கெட், ஐஸ் பெட்டிக்கு அந்த வரி கிடையாது. பழைய சாமானுக்கும் கிடையாது. ஆக, நீங்க மானுக்காகக் கொடுக்கற பணம்னா அது உரிமமும் புதுத் தோட்டாவும்தான். புறக்கணிப்பு துணிமணியில காட்டினா காட்டுக்கு ஒண்ணும் குறையாது. உரிமத்தை மிச்சம் பிடிச்சாத்தான் குறையும். இதைக் குத்தகைக்காரர்கிட்டயே சொல்லுங்க, நல்ல வேட்டைக்காரரா இருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. தோட்டா டப்பாவை இன்னைக்கே டீம் லீட் கையில கொடுங்க. தோட்டாவைப் பெரும்பாலான கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. எந்த ரைபிள்னு கேக்காம வாங்கியிருந்தா அளவும் பொருந்தாது: .308 வின்செஸ்டரும் .30-06ம் ஒரே பருமன் குண்டுதான், ஆனா கூடு நீளம் வேற, மாத்திப் போடக் கூடாது. ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுங்க, அது கொள்கைக்காக இல்ல, நாலு பேர் போற இடத்துல அஞ்சாவது பெட்டி தேவையில்ல. பூட்ஸ் பிரிக்கலன்னா, 315 கட்டப் போறீங்களான்னு முடிவு பண்ணின பிறகு யோசிங்க. ஆரஞ்சு ஜாக்கெட் தனியார் நிலத்துல டெக்சஸ்ல கட்டாயம் இல்ல, ஆனாலும் வச்சுக்கோங்க. பொது வேட்டை நிலத்துக்குப் போனா 400 சதுர அங்குலம் ஆரஞ்சு, மார்புல 144, முதுகுல 144 தெரியணும், தலையிலயும் ஆரஞ்சு வேணும்.

புதுவரவு:
அக்கா, 315 இப்ப முடியாது. போகாம விட்டா சங்கடம். வேற வழி இருக்கா? அவங்க நிலத்துல ஆக்சிஸ் மானும் வருதாம்.

நெல்லை அக்கா:
ஆக்சிஸ்னா நம்ம முதுமலைப் புள்ளிமான்தான். 1930கள்ல டெக்சஸுக்குக் கொண்டு வந்தாங்க, இப்ப ஹில் கன்ட்ரிங்கற மேட்டுப் பகுதி முழுக்கப் பரவிக் கிடக்கு. அங்க அது வெளிநாட்டு விலங்குக் கணக்கு, வருஷம் முழுக்கச் சுடலாம். வெளி மாநிலத்தவருக்கு 48 டாலர்ல அஞ்சு நாள் சிறப்பு உரிமம் இருக்கு, அதுல இது அடங்கும். அந்த ஊரோட சொந்த மானான வெள்ளைவால் மான் அடங்காது, கவனம். தூரத்துல ரெண்டும் நிக்கும்போது, ஆக்சிஸுக்கு எந்த வயசுலயும் முதுகுல வெள்ளைப் புள்ளி இருக்கும். வெள்ளைவாலுக்குக் குட்டியில மட்டும்தான் புள்ளி. சந்தேகம்னா சுடாதீங்க.

கரிசல்:
அக்கா சொன்ன அஞ்சு நாளைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. ஆறாவது நாள் துப்பாக்கி உங்க வீட்லயோ கார்லயோ இருக்கக் கூடாது. எதுக்கும் கம்பெனியோட விசா வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க. சும்மா கூடப் போய் பார்த்துட்டு வரலாம், துப்பாக்கி தொடாத வரைக்கும் உரிமம் தேவையில்ல. அதுலயும் சங்கடம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு. வேட்டைக்குக் கொண்டு போன முதுகுப்பையை ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போகாதீங்க. பக்கப் பையில ஒரு தோட்டா கிடந்தாலும் இந்திய விமான நிலையத்துல ஆயுதச் சட்டத்துல வழக்கு வரும். வேற பை இல்லன்னா ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, பையைத் தலைகீழாக் கவுத்து உதறி, உள் தையல் வரைக்கும் விரல் விட்டுப் பாருங்க.