பழைய டெமோ கேசட்டைக் காப்பாற்ற உதவுங்கள்

நண்பர்களே, 80களில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் படித்த என் மாமாவின் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. ஒரு பக்கம் எக்ஸோடஸ், மறுபக்கம் மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுக்கள். இரண்டும் 1982 டெமோக்கள், அதாவது ஆல்பம் வருவதற்கு முந்தைய மாதிரிப் பதிவுகள். இசை நிறுவனங்களின் ஒப்பந்தம் கிடைக்காத அந்த நாட்களில் ரசிகர்கள் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பியே இந்த இசை ஊர் ஊராகப் போனது. பாட்டுப் பெயர்களை யாரோ நீல மையில் எழுதியிருக்கிறார்கள். பார்த்ததும் மனசு உருகிவிட்டது.

நாடாவை பிளேயரின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்றுவிட்டது. ஓடவிட்டால் கிதார் மங்கி மங்கி வருகிறது. கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டில் திருகாணி இல்லை, ஒட்டிய கூடு. நாடா அறுபடாமல் வேறு கூட்டுக்கு மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், கணினியில் ஏற்றும்போது ஹெட்டின் கோணத்தை எப்படிச் சரிசெய்வது? சென்னையில் யாராவது இருந்தால் நேரிலேயே கொண்டுவருகிறேன்.