மரத்துப்போக ஊசி போட்டதால் தையல் பிரிந்துவிட்டதா?

செவ்வந்தி கேட்டது:
அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. முதுகில் எலுமிச்சை அளவு கொழுப்புக்கட்டி. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். 10ஆம் நாள் தையல் பிரித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஓர் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாய் விட்டிருக்கிறது, நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. "அந்த ஊசி மருந்து சதையைச் சாகடிச்சிடும், அதான் ஒட்டல" என்கிறார் பெரியம்மா. இணையத்தில் தேடினால் அந்த மருந்து செல்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்றே போட்டிருக்கிறது. சம்மதக் கையெழுத்துப் போட்டவள் நான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

குமரன்:
சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தியேட்டர் அக்கா:
19 வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன் செவ்வந்தி. நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் செல்கள் மேல் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின், புபிவகெயின் மருந்துகளை விட்டால், காயத்தை ஒட்டவைக்கும் நார்களை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெருகுவது குறையும். ஆனால் தட்டில் மருந்து அப்படியே கிடக்கும். உடம்பில் ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். வெறும் லிக்னோகெயின் ஒன்றிரண்டு மணி நேரம், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்தது இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வேலை செய்யும். ஃபைப்ரோபிளாஸ்ட் காயத்துக்கு வந்து சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும். அவை வரும்போது மருந்து ஊரிலேயே இருக்காது.

அட்ரினலின் கலந்த மருந்தை ஏற்றிய சில நிமிடங்களில் தோல் வெளுத்துவிடும், மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கத்தி வைத்தால் ரத்தம் துளித்துளியாகத்தான் வரும். நான் பயப்படுவது அதற்கப்புறம்தான். மருந்தின் வேகம் தணிந்ததும் சுருங்கிய ரத்தக்குழாய்கள் விரியும், அடைக்காமல் விட்ட சின்னக் குழாய் ஒன்று உள்ளே கசிய ஆரம்பிக்கலாம். கட்டி இருந்த பள்ளத்தில் ரத்தமோ நீரோ தேங்கினால் மேலே தையல் விட்டுக்கொடுக்கும். உங்கள் அப்பாவுக்குக் கசிவது என்ன நிறம்? காயத்தைச் சுற்றிப் புடைத்திருக்கிறதா? எதுவானாலும் நாளைக்கே சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். சிவந்து சூடாக இருந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வாரக் காயத்துக்கு, நல்ல தோலின் பலத்தில் 3 சதவீதம்தான் இருக்கும். மூன்றாம் வாரத்தில் சுமார் 20, மூன்று மாதத்தில் 80. தையல் பிரித்த அன்று அப்பா குனிந்து எதையாவது தூக்கினாரா?

கையெழுத்துப் போட்டதற்காக மனசைப் போட்டு வதைக்காதீர்கள். வலியோடு இருக்கும் உடம்பு தானே அட்ரினலின் சுரக்கும், தோலுக்குப் போகிற ரத்தம் குறையும். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஆறுவதற்கு நல்லதுதான்.

எலும்பு வைத்தியர்:
அக்கா சொன்னது சரி. மூட்டு மட்டும் வேறு கதை. தோள்மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு, பம்ப் வைத்து இரண்டு மூன்று நாள் விடாமல் மூட்டுக்குள் புபிவகெயின் செலுத்தியவர்களில் சிலருக்குக் குருத்தெலும்பு கரைந்துபோனது. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையே வெளியிட்டது. நாள்கணக்கில் மருந்திலேயே ஊறியதால் வந்த வினை அது. முதுகுத் தோலில் ஒரு தடவை போட்ட ஊசியை அதோடு சேர்க்கக் கூடாது.

செவ்வந்தி:
காட்டிவிட்டு வந்தோம். சர்ஜன் ஓரத்தை மெல்ல அழுத்தினார், வைக்கோல் நிறத்தில் இரண்டு ஸ்பூன் அளவுக்கு நீர் வந்தது. சீழ் இல்லை. திரும்பத் தைக்கவில்லை, உள்ளிருந்து தானாக மூடட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங் செய்யச் சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 214. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். குமரன், பீடி உண்டு, நாளைக்கு ஐந்தாறு. நேற்று என் கையில் பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டார்.

அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். தையல் பிரித்த அன்று சாயங்காலம் அப்பா தண்ணீர்க் கேனைத் தூக்கி மேடைமேல் வைத்திருக்கிறார். அம்மா இன்றுதான் சொன்னார்.