காரில் தங்கியிருக்கும் முன்னாள் படைவீரர் குடும்பம்: லாஸ் ஏஞ்சலிஸில் எங்கே தொடங்குவது?

நெய்தல்:
வணக்கம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சனிக்கிழமை உணவு வழங்கலுக்கு ஒரு குடும்பம் வருகிறது. கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். மனைவி, 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று வாரமாகக் காரில்தான் படுக்கிறார்கள். வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) தரும் ஊனத்தொகை தவிர வேறு வருமானம் கிடையாது. ராணுவப் பணி முடிந்ததற்குச் சான்றான டிடி-214 தாள் தொலைந்துவிட்டது. ஹட்-வாஷ் வவுச்சர் (படைவீரர்களுக்கான நீண்ட கால வாடகை உதவி), எஸ்எஸ்விஎஃப் (படைவீரர் குடும்பங்களுக்கான குறுகிய கால உதவி) இரண்டில் எதற்கு முதலில் போகச் சொல்வது? அதுவரை ஒரு வாரம் மோட்டல் எடுத்துத் தரலாம் என்று சங்கத்தில் பேச்சு. அதில் ஏதும் சிக்கல் வருமா?

பொருநை:
மோட்டல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் தவறுவது அங்கேதான். குடும்பம் தன் கைக்காசில் மோட்டலில் தங்கினால், ஹட் (அமெரிக்க வீட்டுவசதித் துறை) விதிப்படி "வீடற்றவர்" என்ற கணக்கிலிருந்து வெளியே போய்விடலாம். தொண்டு அமைப்போ அரசுத் திட்டமோ கட்டணம் கட்டினால் கணக்கில் நீடிப்பார்கள். ஆகவே அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். சங்கம் பதிவுபெற்ற தொண்டு அமைப்பாக இருந்தால், சங்கத்தின் பெயரில் நேரடியாகக் கட்டி, ரசீதும் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நாங்கள் கட்டினோம், அதற்கு முன் காரில் இருந்தார்கள்" என்று ஒரு கடிதமும் கொடுங்கள். உறவினர் வீட்டு ஹாலில் போய்த் தங்கச் சொல்வதற்கும் இதே எச்சரிக்கை.

எதற்கு முதலில் என்றால், இரண்டுக்கும் ஒரே நாளில். வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. தொலைபேசி 877-424-3838, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "குழந்தைகளோடு காரில் தூங்குகிறோம்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். வி.ஏ. மருத்துவமனையின் வீடற்றோர் பிரிவுக்கும், உங்கள் பகுதி எஸ்எஸ்விஎஃப் அமைப்புக்கும் இணைப்புக் கேளுங்கள்.

இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. எஸ்எஸ்விஎஃப் பணம் தொண்டு நிறுவனங்கள் வழியாக வரும். முன்பணம், சில மாத வாடகை, மின்கட்டண பாக்கி, வீடு மாற்றும் செலவு, குழந்தைப் பராமரிப்பு வரை கொடுக்க முடியும். ஆனால் கால வரம்பு உண்டு. ஹட்-வாஷ் நீண்ட காலத்துக்கானது: வாடகையின் பெரும்பகுதியை வீட்டுவசதி ஆணையம் கட்டும், வி.ஏ. தரப்பில் ஒரு சமூகப் பணியாளர் கூடவே இருப்பார். வவுச்சர் முன்பணம் கட்டாது. அந்த இடத்தில் எஸ்எஸ்விஎஃப் கைகொடுக்கும்.

டிடி-214 இல்லை என்று காத்திருக்க வேண்டாம். எஸ்எஸ்விஎஃப் அமைப்புகள் வி.ஏ.வின் 'ஸ்குவேர்ஸ்' தளத்தில் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் போட்டுத் தகுதியைப் பார்த்துவிடும். தாளுக்கும் இணையாக விண்ணப்பியுங்கள்: செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு 'ஈவெட்ரெக்ஸ்' இணையவழியில், அல்லது எஸ்எஃப்-180 படிவத்தில். வீடில்லாத நிலை என்று காரணத்தில் எழுதுங்கள். வரும் பிரதியில் 24-ஆம் கட்டம் இருக்கிறதா பாருங்கள், பணி முடிவின் தன்மை அதில்தான் இருக்கும். 'மெம்பர்-1' என்ற சுருக்கப் பிரதியில் அந்தக் கீழ்ப்பகுதியே இராது, 'மெம்பர்-4' வேண்டும்.

கரிசல்:
பொருநை சொன்னது முழுக்கச் சரி. அடுத்த கட்டத்தைச் சொல்கிறேன். வவுச்சர் கையில் வந்துவிட்டது என்று கொண்டாடிய பிறகுதான் நிறைய குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

வீடு தேடக் குறைந்தது 120 நாள் கொடுப்பார்கள். குடும்பம் கட்டுவது பொதுவாகத் தேறிய வருமானத்தில் (கழிவுகள் போக மிஞ்சுவதில்) 30 சதவீதம். வாடகை, வீட்டுவசதி ஆணையம் வைத்த உச்சத்தொகையைத் தாண்டினால் மீதியும் குடும்பத்தின் தலையில்தான். ஆனால் முதல் ஒப்பந்தத்தில் மொத்தம் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கணக்குக்குத் தேறிய வருமானம் மாதம் 2,000 டாலர், உச்சத்தொகை 2,400 என்று வையுங்கள். 30 சதவீதம் 600. வாடகை 2,600 என்றால் கூடுதல் 200, ஆக 800. சரியாக 40 சதவீதம், ஒப்புக்கொள்வார்கள். வாடகை 2,500தான், ஆனால் மின்சாரமும் எரிவாயுவும் குடும்பமே கட்ட வேண்டும், அதற்கு மாதம் 150 ஆகும் என்று ஆணையம் கணக்கிடுகிறது என்றால்? மொத்தம் 2,650 ஆகிவிடும், குடும்பத்தின் பங்கு 850, 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்த வீடு கிடைக்காது. விளம்பரத்தில் குறைவாகத் தெரிந்த வீடு இப்படித்தான் கைநழுவும். பார்க்கப் போகும்போதே எந்தெந்தக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

பிறகு, வவுச்சருக்காக அந்த வீட்டில் நடக்கும் ஆய்வு. தோற்கும் காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை: புகை அலாரம் இல்லை, அடுப்பின் ஒரு பர்னர் எரியவில்லை, தரைத்தள ஜன்னல் பூட்டவில்லை. வாட்டர் ஹீட்டரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டிலோ மேலேயோ ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தரைக்கு இரண்டு முதல் ஆறு அங்குலம் மேலே முடிய வேண்டும். குழாயே இல்லையென்றால், வால்வு திறக்கும்போது கொதிநீர் குழந்தையின் முகத்துக்கு நேராகப் பீய்ச்சும். அதைப் பொருத்த அரை மணி நேரம் போதும். ஆனால் ஆய்வில் தோற்று மறு தேதி வாங்கினால் வாரக்கணக்கில் போகும், அதற்குள் உரிமையாளர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். உங்கள் விஷயத்தில் 4 வயதுப் பிள்ளை இருக்கிறது: 1978-க்கு முன் கட்டிய வீட்டில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், உரிந்த பெயிண்ட் ஈய அபாயமாகக் கணக்காகும். ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

"வவுச்சர் வாங்க மாட்டோம்" என்று உரிமையாளர் சொன்னால், கலிஃபோர்னியாவில் 2020 முதல் அது சட்டவிரோதம். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே "மாதம் 100 தனியாகக் கொடு" என்று கேட்டால் கொடுக்கவே கூடாது, வவுச்சரே பறிபோகும்.

நெய்தல்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஊனத்தொகை அதிகமாக இருந்தால் தகுதி போகுமா? நாளை அவருக்கு ஏதாவது ஆனால் மனைவி, பிள்ளைகள் கதி?

பொருநை:
முன்பு பெரிய அநியாயம் நடந்துகொண்டிருந்தது. 100 சதவீத ஊனம் என்றால் 2025 கணக்கில் தனிநபருக்கே மாதம் 3,831.30 டாலர். போரில் அதிகம் இழந்தவரே "வருமானம் அதிகம்" என்று சில கட்டடங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். 2024 ஆகஸ்டில் ஹட் இதை மாற்றியது. ஹட்-வாஷ் தகுதிக்குப் பணி தொடர்பான ஊனத்தொகை இப்போது கணக்கில் வராது, வருமான வரம்பும் அந்தப் பகுதிக் குடும்பங்களின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதம். ஆனால் மாதம் கட்டும் பங்கைக் கணக்கிடும்போது அது சேரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மேற்கு லாஸ் ஏஞ்சலிஸ் வி.ஏ. வளாகத்தில் 1,800 நிரந்தர வீடுகள் கட்ட 2024 செப்டம்பரில் பெடரல் நீதிபதி டேவிட் கார்ட்டர் உத்தரவிட்டார். 1888-இல் படைவீரர்களுக்கென்றே கொடுத்த நிலம் அது. அங்கே பெயர் பதியலாம். ஆனால் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, அதை நம்பி மற்ற முயற்சியை நிறுத்த வேண்டாம்.

அவர் இறந்தால் வவுச்சர் குடும்பத்திடமே நிற்கும். விவாகரத்தில் அவரோடு போகும். குடும்ப வன்முறை என்றால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. அதைச் சமூகப் பணியாளரிடம் மனைவி தனியாகப் பேச வழி செய்யுங்கள்.

கரிசல்:
மனைவியிடமும் "ராணுவத்தில் பணியாற்றினீர்களா?" என்று கேளுங்கள், "வெட்டரனா?" என்று கேட்காதீர்கள். ரிசர்வில் (பகுதிநேரப் படையில்) இருந்த பெண்கள் பலர் இரண்டாவது கேள்விக்கு இல்லை என்பார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு வீடற்ற பிள்ளைகளின் கல்விக்கான மெக்கின்னி-வென்டோ சட்டப்படி பழைய பள்ளியிலேயே தொடரவும் போக்குவரத்து பெறவும் உரிமை இருக்கிறது. பள்ளி மாவட்டத்தில் இதற்கென ஓர் அலுவலர் இருப்பார், திங்கட்கிழமை காலையிலேயே அழைத்துவிடுங்கள்.