எச்-4இல் வந்த மனைவியின் இந்தியச் சம்பளம்: அமெரிக்கக் கூட்டுத் தாக்கலில் இந்திய வரியைக் கழிப்பது எப்படி?

டாலஸில் எச்-1பி (அமெரிக்க வேலை விசா) வேலை. அமெரிக்க வரிக்கு நான் ரெசிடென்ட் (குடியிருப்பவர்). மனைவி 2024 அக்டோபரில் எச்-4இல் (எச்-1பிக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) வந்தார். இங்கே தங்கிய நாள்களை வைத்து ரெசிடென்டாக்கும் 183 நாள் கணக்கு அவருக்குத் தேறாது, எனவே அந்த ஆண்டுக்கு நான்-ரெசிடென்ட். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் எனக்கு 2024க்கான நிலையான கழிவு (வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) 14,600 டாலர். அமெரிக்க வரிச் சட்டத்தின் 6013(ஜி) பிரிவில் அவரையும் முழு ஆண்டு ரெசிடென்டாகக் காட்டிச் சேர்ந்து தாக்கல் செய்தால் 29,200. அதனால் கூட்டுத் தாக்கல்தான் என்று முடிவு செய்துவிட்டோம். இருவரும் கையெழுத்திட்ட அறிக்கை, அவருடைய வரி அடையாள எண்ணான ஐடிஐஎன்னுக்கான டபிள்யூ-7 விண்ணப்பம் எல்லாம் தயார். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அந்த மட்டும் நிம்மதி!

சிக்கல் அவருடைய சென்னைச் சம்பளத்தில். செப்டம்பர் வரை வேலை பார்த்தார், டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறார்கள். கூட்டுத் தாக்கல் என்றால் அதையும் இங்கே காட்ட வேண்டும். இரட்டை வரி வராமலிருக்க ஃபார்ம் 1116 (வெளிநாட்டில் கட்டிய வரியை இங்கே கழிக்கும் படிவம்) போடலாம் என்று பார்த்தால், இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இங்கே ஜனவரி. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு ஃபார்ம் 16இல் (இந்திய நிறுவனம் தரும் ஆண்டு வரிச் சான்று), மீதி அடுத்ததில்.

வரி மென்பொருள் மொத்தத் தொகையை மட்டும் கேட்கிறது, பிரிக்க வழி சொல்லவில்லை. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வெளியீடு 519, 514 இரண்டையும் புரட்டினேன். விசாரித்த ஆடிட்டர்களில் ஒருவர் மாதச் சம்பளச் சீட்டு டிடிஎஸ்ஸைக் கூட்டச் சொல்கிறார். இன்னொருவர் இந்தியாவில் தாக்கல் செய்த ஆண்டு வரியை மாத விகிதத்தில் பிரிக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் தொகை நன்றாகவே வேறுபடுகிறது.

இதே நிலையில் தாக்கல் செய்தவர்கள், 1116இல் எந்த முறையில் இந்திய வரியைப் பிரித்தீர்கள்?