ஏமன் போரில் அமெரிக்காவின் பொறுப்பு எவ்வளவு?

கயல்_திருச்சி கேட்டது:

குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் படிப்பு வட்டத்தில் ஏமன் பற்றிப் பேச்சு வந்தது. 2015 மார்ச்சில் சவுதி தலைமையிலான கூட்டணி, ஏமனின் கிளர்ச்சிப் படையான ஹூதிகளுக்கு எதிராக வான்தாக்குதலைத் தொடங்கியது. முடிவெடுத்தது சவுதி அரசு, குண்டு போட்டது கூட்டணி விமானிகள். "அமெரிக்கா ஆயுதம் விற்றது, அவ்வளவுதான். வாங்கியவர் செய்ததற்கு விற்றவர் எப்படிப் பொறுப்பாவார்?" என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பதில் சொல்லவும் வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

ஹேங்கர்_மூர்த்தி:

கயல், போர் விமானம் விற்றதோடு முடிகிற வியாபாரம் இல்லை. நான் கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். இத்தனை மணி நேரம் பறந்தால் இந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றியே ஆகவேண்டும் என்று கணக்கு உண்டு. பாகம் வரவில்லை என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டோம். கையெழுத்து இல்லாமல் அது மேலே போகாது. 1998 போக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டபோது நம் ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் பல உதிரிபாகம் இல்லாமல் தரையில் நின்றன. இத்தனைக்கும் அவை இங்கிலாந்தில் கட்டியவை. உள்ளே சில பாகங்கள் அமெரிக்காவுடையவை, அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது சவுதியின் எஃப்-15 விமானங்களை நினைத்துப் பாருங்கள். விமானம், உதிரிபாகம், பராமரிக்க வரும் ஒப்பந்த ஊழியர்கள், குண்டு என்று எல்லாம் அங்கிருந்துதான். போதாததற்கு 2018 நவம்பர் வரை கூட்டணி விமானங்களுக்கு அமெரிக்க டேங்கர்கள் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொடுத்தன. அதற்கு முழுக் கட்டணம்கூட வாங்கவில்லை. சுமார் 33 கோடி டாலர் வசூலிக்க வேண்டியிருக்கிறது என்று அந்த டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே சொன்னது. இதை வெறும் விற்பனை என்று எப்படிச் சொல்வது?

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2016 அக்டோபர் 8 அன்று ஏமன் தலைநகர் சனாவில் ஒரு துக்க வீட்டுக் கூட்டத்தின் மேல் குண்டு விழுந்து சுமார் 140 பேர் இறந்தார்கள். அதன் பிறகு டிசம்பரில் ஒபாமா அரசு சவுதிக்கான துல்லிய வழிகாட்டிக் குண்டுகளின் விற்பனை ஒன்றை நிறுத்தியது. 2017இல் டிரம்ப் அரசு அதை மறுபடி திறந்துவிட்டது. 2018 ஆகஸ்ட் 9 அன்று சாதா மாகாணத்தின் தஹ்யானில் சந்தையில் நின்ற ஒரு பேருந்து தாக்கப்பட்டது. சுற்றுலா போன சிறுவர்கள் அதில் இருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் இறந்த 51 பேரில் 40 பேர் குழந்தைகள். குண்டு அமெரிக்காவில் செய்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நிறுத்த முடியும் என்று ஒரு முறை காட்டியவர்கள், மறுபடி திறந்துவிட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஜிசான்_ரஃபீக்:

மூர்த்தி அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நான் சவுதியில், ஏமன் எல்லைப் பக்கம் ஜிசானில் வேலை பார்த்தவன். ஹூதி ஏவுகணை வரும்போது எங்கள் முகாமில் யாருக்கும் தூக்கம் இருக்காது. 2022 ஜனவரியில் அபுதாபி முசஃபாவில் அவர்கள் நடத்திய தாக்குதலில் இறந்த மூவரில் இருவர் நம் இந்தியர்கள், ஒருவர் பாகிஸ்தானி. பிழைக்கப் போனவர்கள். அந்த ட்ரோனுக்கும் ஏவுகணைக்கும் ஈரான் பொறுப்பில்லையா? அதையும் பேசுங்கள்.

லண்டன்_வசந்தா:

பிரிட்டனையும் விட்டுவிடாதீர்கள். சவுதியின் டொர்னாடோ, டைபூன் விமானங்கள் இங்கிருந்து போனவைதான். சவுதி தாக்குதல்கள் முன்பு சர்வதேசப் போர்ச் சட்டத்தை மீறினவா என்று மதிப்பிடாமலே ஆயுத உரிமம் கொடுத்தது தவறு என்று 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு ஜூலையில், நடந்த மீறல்கள் எல்லாம் தனித்தனிச் சம்பவங்கள் என்று சொல்லி அரசு மறுபடி உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

ஹேங்கர்_மூர்த்தி:

தம்பி ரஃபீக், ஈரானும் பொறுப்புதான். ஹூதிகளின் ஏவுகணைகளில் ஈரானியப் பாகங்கள் இருந்ததை ஐநா நிபுணர் குழு 2018இலேயே பதிவு செய்தது. முசஃபாவில் போன உயிர்களுக்கு ஈரானிடமும் பதில் கேட்க வேண்டும். அளவில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. ஹூதிகள் 2014இல் சனாவைப் பிடித்தபோது ஏமன் ராணுவத்தின் ஆயுதக் கிடங்குகள் அவர்கள் கைக்கு வந்தன. ஈரான் கைவிட்டாலும் தரைச் சண்டை ஓய்ந்திருக்காது. அமெரிக்காவும் பிரிட்டனும் கைவிட்டிருந்தால் வான்தாக்குதல் நீண்ட நாள் ஓடியிருக்காது. 2021 முடிய 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது ஐநா வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அதில் சுமார் 60 சதவீதம் பசி, நோய், மருத்துவம் கிடைக்காமை போன்றவற்றால் போன உயிர்கள்.

கயல், உங்கள் தோழிக்கு 2019ஐச் சொல்லுங்கள். இந்தப் போரில் அமெரிக்கப் பங்கை முடிக்கச் சொல்லும் தீர்மானம் செனட்டில் 54-46 என்று நிறைவேறியது, கீழவையிலும் நிறைவேறியது. டிரம்ப் தன் அதிபர் அதிகாரத்தால் அதைத் தடுத்து வீட்டோ செய்தார். வெறும் விற்பனை என்றால் முடிப்பதற்கு அங்கே என்ன பங்கு இருந்தது? அப்புறம் 2021 பிப்ரவரியில் பைடன் "தாக்குதல் நடவடிக்கைகளுக்கான" ஆதரவை நிறுத்துவதாக அறிவித்தார். பராமரிப்பு வேலை நிற்கவில்லை. ஹேங்கரில் டயர் மாற்றுகிறவனுக்கு அந்த விமானம் தற்காப்புக்குப் போகிறதா, தாக்கப் போகிறதா என்று தெரியாது. விடையில் இதையும் எழுதுங்கள்.